ஒற்றைக் குதிரைச் சவாரி

குதிரைப் பந்தயத்துக்குப் பழைய கூட்டம் திரும்புமா, ஒரு பெரிய குதிரை வந்து நின்றால் ஜனங்கள் மறுபடி மைதானத்துக்கு வருவார்களா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேல் கேலரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள். நான் மைக் முன்னால் நின்றவன். பெரிய குதிரை ஒன்று வந்தது, ஜனங்களும் வந்தார்கள், இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவரவர் இஷ்டம்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மைசூரில் மழைக்காலம் தொடங்கித் தசரா வரைக்கும் பந்தயம் நடக்கும். யுத்த காலத்தில் லீவில் வந்த சிப்பாய்களால் நிரம்பி வழிந்த மைதானம், யுத்தம் முடிந்ததும் வெறிச்சென்று ஆகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். சுதந்திர நாட்டில் சூதாட்டத்துக்கு இடமில்லை என்று மேடைக்கு மேடை பேசினார்கள். மேல் கேலரியில் தொப்பியும் பைனாகுலருமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மலிவு டிக்கெட் பக்கமோ புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. பந்தய நாளிலேயே அங்கே எருமை மேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவரக் கமிட்டிக்காரர்கள் அந்த வருடம் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, மலிவு டிக்கெட் பக்கம் ஒலிபெருக்கி கட்டி, கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் பேசக்கூடிய ஒருவனை வேலைக்கு வைத்தார்கள். அது நான். இன்னொன்றை அப்புறம் சொல்கிறேன். மைக் கடையிலிருந்து வாடகைக்கு வந்தது. கமிட்டியின் செயலாளர் பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசையைத் தடவாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "தசராவுக்குள் அந்தப் பக்கம் நிரம்பினால் அடுத்த வருடமும் மைக் உண்டு. இல்லாவிட்டால் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம்" என்றார். மைக்கோடு நானும் போகவேண்டியதுதான் என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை.

அந்த வேலை எனக்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லவேண்டும். அக்ரஹாரத்தில் அண்ணாவின் வீட்டில்தான் நானும் மனைவியும் இருந்தோம். அப்பா போனபிறகு அண்ணாதான் எல்லாம். அரசாங்க ஆபீஸில் வேலை, காலையில் கோவில், மாலையில் கோவில், நடுவில் பேச்சு கிடையாது. மைக் வேலை கிடைத்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அண்ணா கையை நிறுத்தினார்.

"சூதாடறவாளுக்குக் கூவிக் குடுக்கறதுக்காடா உன்னைப் படிக்க வெச்சேன்?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குமேல் அவர் கேட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. பாதி இலையில் எழுந்து கையை அலம்பிக்கொண்டுவிட்டேன். மன்னி, "இலையிலேர்ந்து எழுந்திருக்காதேடா, தோஷம்" என்று கெஞ்சினாள். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல்தான் கோபம். அந்த வாரமே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து மனைவியோடு வெளியேறினேன். மைக் இருந்தால் அந்த அறை உண்டு. மைக் போனால் அண்ணாவின் வாசலில் போய்த் தலையைக் குனிந்து நிற்கவேண்டும். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லப்போவதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

மனைவி ஒரு நாளும் குறை சொல்லவில்லை. பந்தய நாள் காலையில் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுப்பாள். "தொண்டை கட்டிண்டா குடித்தனமே மூட்டை கட்டிண்டுடும்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் அவளுக்கும் அதே பயம் இருந்தது எனக்குத் தெரியும்.

கமிட்டி செய்த இரண்டாவது காரியம் அந்தக் குதிரை.

பெங்களூரிலும் சென்னையிலும் பம்பாயிலும் எதிரில் நின்றதையெல்லாம் தோற்கடித்த குதிரை. நல்ல செம்பழுப்பு, நெற்றியில் நாமம் போட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் அக்ரஹாரத்துக்காரர்கள் பார்த்தால் வடகலையா தென்கலையா என்று சண்டை போட்டிருப்பார்கள். தசராவுக்குச் சில வாரங்கள் முந்தின ஒரு சனிக்கிழமை கோப்பைப் பந்தயத்தில் அது ஓடுவதாக ஏற்பாடு. ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜட்காவில் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் ஆட்கள் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட லாயக்காரர் நம் பக்கத்து ஆள். கௌதள்ளி என்கிற மலையோரத் தமிழ்க் கிராமத்தில் பிறந்து சின்ன வயதிலேயே சென்னைக்குப் போய், ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி, இப்போது இந்தப் பெரிய குதிரையோடு சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி வந்திருந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. நான் லாயத்துக்குப் போனபோது குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"நம்மூருச் சனம் பூரா வருதுங்க சாமி. வண்டி கட்டிக்கிட்டு வாராங்க. எம்பேரு வேண்டாமுங்க, ஊரு பேர மட்டும் மைக்குல ஒருவாட்டி சொல்லிப் போடுங்க. எங்கய்யன் காதுல உளுகோணும்."

"பந்தயத்துக்கு நடுவுலே ஊர் பேரெல்லாம் எப்படிய்யா சொல்றது?"

"ஒரே ஒருவாட்டிங்க."

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். குதிரை காதுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ தகரத்தைப் போட்ட சத்தத்துக்கு அதன் முதுகுத் தோல் முழுக்கத் துடித்தது.

"சத்தந்தான் இவனுக்கு ஆவாதுங்க" என்றார் லாயக்காரர். "ஓடயில ஒண்ணுமில்லீங்க, காத்தாட்டம் போயிருவான். நிக்கயில நடக்கயில டமாருன்னா போச்சு. ரயிலுப் பொட்டியில பலகைய ஒதச்சு ஒடச்சுப் போட்டான்."

கோப்பை நாளன்று காலையில் இடி விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றக் குதிரைகளையெல்லாம் சொந்தக்காரர்கள் விலக்கிக்கொண்டார்கள். ஒன்றுக்கு இருமல், ஒன்றுக்குக் கால் வீக்கம், ஒன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தோற்பதற்கென்று எவன் குதிரையை இறக்குவான்? கடைசியில் பட்டியலில் ஒரே ஒரு குதிரை மிஞ்சியது. அப்படி ஆனால் அதற்குப் பந்தயத்தில் 'வாக் ஓவர்' என்று பெயர். தனிக் குதிரை மைதானத்தைச் சுற்றி நடுவரின் மேடையைத் தாண்டினால் போதும், கோப்பை அதற்குத்தான். ஓட வேண்டியதில்லை, நடந்தாலே போதும். பந்தயம் கட்டவும் முடியாது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தபோது வெளியே கேட் திறந்தாகிவிட்டது. என் மைக் மேடையிலிருந்து பார்க்கிறேன், மலிவு டிக்கெட் பக்கம் தலை தலையாக. புல்லே தெரியவில்லை. மாட்டு வண்டிகள் மலை அடிவாரம் வரைக்கும் நிற்கின்றன. பெண்கள், குழந்தைகள், கூடையில் சாப்பாடு. நான் இந்த ஜன்மத்தில் ஆசைப்பட்டதெல்லாம் கண்ணெதிரே வந்து நிற்கிறது, அவர்களுக்குக் காட்டத்தான் பந்தயம் இல்லை.

செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு ஊரில் இப்படி நடந்தபோது ஜனங்கள் கேலரியை உடைத்துக் கொளுத்திவிட்டதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். போலீஸ்காரர்கள் ஒரு கைப்பிடிதான். "எப்படியாவது பக்குவமாகச் சொல்" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். மீசையைத் தடவ மறந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வாக் ஓவருக்குக் கன்னடத்தில் என்ன சொல்வது? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பந்தயம் இல்லை என்று மொட்டையாகச் சொன்னால் கல் பறக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் தமிழ் பேசுகிறவன்தானே, குதிரைமேல் ஏறிப் போவதற்கு வாயில் வந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ஈக நம்ம சாம்பியன் குதுரெ ஒந்தே சவாரி பருத்தெ!"

இப்போது நம்முடைய சாம்பியன் குதிரை தனியாகச் சவாரி வரும் என்று அர்த்தம். என் மனதில் இருந்தது குதிரைச் சவாரி, அவ்வளவுதான். ஆனால் மைசூரில், அதுவும் தசரா நெருங்குகிற சமயத்தில், 'சவாரி பருத்தெ' என்றால் ஒரே அர்த்தம்தான். அரண்மனையிலிருந்து யானை, குதிரை, மேளதாளத்தோடு புறப்படுகிற ஊர்வலம் வருகிறது என்று அர்த்தம். தெருத்தெருவாகக் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடுவது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான். வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

கல் பறக்கவில்லை. ஒரு சந்தோஷக் கூச்சல் கிளம்பியது பாருங்கள், மேடையே அதிர்ந்தது.

பெண்கள் கூடையிலிருந்து பூவை எடுத்தார்கள். ஒருத்தி தலையில் வைத்திருந்த மல்லிகையையே பிய்த்தாள். எங்கிருந்துதான் கொண்டுவந்தார்களோ, கற்பூரத் தட்டுகள் முளைத்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் மூங்கில் வேலியைத் தாண்டினார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ள, வேலி சாய்ந்து விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஓடுபாதை முழுக்க ஜனம். அதற்கு நடுவில் கௌதள்ளிக்காரர்கள். வெறுங்கையோடா வந்திருப்பார்கள்? ஊர்க் குதிரை ஜெயித்துவிட்டு வரும்போது அடிக்கலாம் என்று தமட்டையைக் கொண்டுவந்திருந்தார்கள். சவாரி என்று காதில் விழுந்ததும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குதிரை அதற்குள் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. எதிர்ப்பக்கத்து வளைவில் மெல்ல ஓடிவருகிறது. மேலே ஒல்லியாக ஒரு ஜாக்கி, பூனாக்காரன். வளைவைத் தாண்டினால் நேர்ப்பாதை, அது காலியாக இருக்கும் என்று நினைத்து வருகிறான். மேடைமேல் நிற்கிற எங்களுக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது, அவனுக்கும் ஜனங்களுக்கும் எதுவும் தெரியவில்லை.

"விலகச் சொல்! விலகச் சொல்!" என்று செயலாளர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஹிந்தெ ஹோகி! ஹிந்தெ ஹோகி!" என்று கத்தினேன். பின்னால் போங்கள் என்று சொன்னால் எங்கே போவார்கள்? பின்னால் இருப்பவர்கள் முன்னால் வரத்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் குரல் தமட்டைச் சத்தத்தில் கரைந்துபோயிற்று.

குதிரை வளைவைத் தாண்டியது. சத்தம் அதன் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். அப்படியே நின்றது. அடுத்த நொடி முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிமிர்ந்தது. ஜாக்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான், ஒரு கால் அங்கவடி வளையத்திலிருந்து விடுபட்டுத் தொங்கியது. லாயக்காரர் எங்கிருந்தோ பாதையில் ஓடினார், கையில் துண்டைத் தவிர ஒன்றுமில்லை. குதிரை கீழே கால் வைத்தது, மறுபடி தூக்கியது. அது கூட்டத்துக்குள் பாய்ந்தால் முன்னால் நிற்பவர்கள் குழந்தைகள். பூத் தட்டோடு இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள், சாமியைப் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டு.

அந்த நேரத்தில் நான் அண்ணாவையோ வேலையையோ நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். என் வாயால் வந்த வார்த்தையால் இது நடக்கப்போகிறது, நாளைக்குக் காலையில் அண்ணா இதைப் பேப்பரில் படிப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மனசு அப்படித்தான் ஓடியது.

அண்ணாவை நினைத்ததும் தசரா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர்தான் என்னைச் சவாரி பார்க்கக் கூட்டிப்போவார். வெயிலில் காத்திருப்போம். சவாரி தெருமுனைக்கு வந்ததும் போலீஸ்காரர்கள் ஒன்றைத்தான் கத்துவார்கள். உடனே தெரு முழுக்க முன்வரிசை தரையில் உட்கார்ந்துவிடும், பின்வரிசைக்குத் தெரியவேண்டுமே. மைசூரில் பிறந்தவர்கள் யாருக்கும் இதை இரண்டாம் தடவை சொல்லவேண்டியதில்லை.

முதலில் தமட்டையை நிறுத்தவேண்டும். தமிழில் கத்தினேன்: "கௌதள்ளி! கௌதள்ளிக்காரங்களே! தமட்டையை நிறுத்துங்க! உங்க ஊர்க்காரர் குதிரைக்கு முன்னால நிக்கிறாரு!"

ஒலிபெருக்கியில் தங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் அவர்கள் வாயடைத்துப்போனார்கள். கோல் தூக்கின கை தூக்கினபடி நின்றது. அந்த அமைதி கலைவதற்குள் கன்னடத்தில் சொன்னேன், இந்தத் தடவை கத்தாமல், போலீஸ்காரர்கள் சொல்கிற அதே ராகத்தில்:

"சவாரி பர்த்தா இதெ! கூத்கொள்ளி! முந்தெ இரோரு கூத்கொள்ளி, ஹிந்தெ இரோரிகெ காணலி!"

சவாரி வந்துகொண்டிருக்கிறது, முன்னால் இருப்பவர்கள் உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியட்டும்.

உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும். அந்தப் பூத் தட்டுக்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புல்லில் சம்மணம் போட்டாள். வரிசை வரிசையாக, வயலில் நாற்று சாய்வதுபோல. உட்காரும்போது தாமாகவே நடுவில் வழி விட்டுக்கொண்டார்கள், அதுவும் தசராப் பழக்கம்தான். கடைசியில் ஒரே ஒரு கறுப்புக் குடை மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. மறுபடி ஒரு தடவை "கூத்கொள்ளி" என்றேன். அந்தக் குடையும் தாழ்ந்தது.

லாயக்காரர் குதிரையின் முகத்தருகே போய்விட்டார். அதன் காதில் என்ன சொன்னாரோ தெரியாது, துண்டை அதன் கண் ஓரமாகப் பிடித்துக்கொண்டார். ஜாக்கி காலை வளையத்தில் மாட்டினான். குதிரை ஒரு அடி வைத்தது. நின்றது. இன்னொரு அடி வைத்தது. ஜனங்கள் சத்தம் போடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பூவை மெதுவாகத் தரையில் போட்டார்கள். அது நடந்துபோன இடத்து மண்ணைத் தொட்டு ஒரு கிழவர் நெற்றியில் இட்டுக்கொண்டார். குதிரையின் உடம்பெல்லாம் வியர்வை மினுமினுக்கிறது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குகிறது. அவ்வளவு கிட்டத்தில் அப்படி ஒரு மிருகத்தை அவர்கள் பார்த்ததில்லை. பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை நடத்திக் காட்டுவதெல்லாம் மேல் கேலரிக்காரர்கள் பக்கம்தான்.

நடுவரின் மேடையைத் தாண்டியது. கோப்பை அதற்கு. மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் பயம், அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. "உங்களுக்குக் கன்னடமும் சரியா வராது, தமிழும் சரியா வராது, அதான் எல்லாரும் பொழைச்சா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமைக்குள் கமிட்டி இரண்டு சொந்தக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தது. இந்தத் தடவை நிஜப் பந்தயம். வேலியைக் கம்பி போட்டு இறுக்கினார்கள். கூட்டம் போன வாரத்தைவிடப் பெரிது. செயலாளருக்கு மீசை திரும்பக் கிடைத்துவிட்டது.

முதல் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. நான் தொண்டை வலிக்க வர்ணித்துக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால் மலிவு டிக்கெட் பக்கம் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் குதிரை முந்துகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குச் சுரீரென்றது.

கடைசியில் அந்தக் குதிரை ஓடியது. லாயக்காரர் சொன்னதுபோலவேதான், காற்றாட்டம். மற்ற இரண்டும் வளைவிலேயே பின்தங்கிவிட்டன. நான் இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அது ஜெயித்துவிட்டது. மேல் கேலரியில் எழுந்து நின்று கை தட்டினார்கள். கீழே ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு குரல் கேட்டது: "அஷ்டேனா?"

அவ்வளவுதானா என்று கேட்கிறார் ஒருத்தர். இன்னொருத்தர் கேட்டார்: "சவாரி யாவாக?" சவாரி எப்போது? அதைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர், நூறு பேர் கேட்டார்கள். ஓடினதை அவர்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. குதிரை மேல் கேலரிக்குப் பின்னால் லாயத்துக்குப் போய்விட்டது. முடிந்துவிட்டது, போகலாம் என்று அறிவித்தேன். நகரவில்லை. முகங்கள் இறுகிக்கொண்டே வந்தன. கம்பி வேலியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார்கள். நல்லவேளையாக அப்போது பெரிய மழை பிடித்துக்கொண்டது. பூவையெல்லாம் வேலியோரத்தில் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று மாலை கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். செயலாளர் கேட் வசூலில் பூரித்துப்போயிருந்தார். "பார்த்தீர்களா, ஒரே ஒரு பெரிய குதிரை! இந்த ஜனங்களுக்குக் கடைசியில் பந்தயம் என்றால் என்னவென்று புரிந்துவிட்டது. இனி வருடா வருடம் வருவார்கள்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீதான் தினம் அவர்களோடு பேசுகிறாய். குதிரை பம்பாய்க்குப் போனபிறகும் வருவார்கள்தானே?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வருவார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக் நிலைக்கும், அறை நிலைக்கும், அண்ணாவின் வாசல் பக்கமே போகவேண்டாம். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். 'இந்த ஜனங்களுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது' என்று அவர் சொன்னது என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. புல்லில் உட்கார்ந்து வழி விட்டவர்களுக்கா ஒன்றும் தெரியாது? என் கோபம் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

"வரமாட்டார்கள் சார். அவர்கள் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. குதிரையைத்தான் பார்த்தார்கள். அதுவும் ஓடினபோது இல்லை, நடந்தபோது. வேண்டுமானால் வாராவாரம் குதிரைகளை அந்தப் பக்கமாக நடத்திக் காட்டுங்கள்."

யாரோ ஒருவர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. "இது ரேஸ் கோர்ஸ். கோவில் இல்லை" என்றார்.

அந்தக் குதிரையை ரயில் ஏற்றின அன்று நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். லாயக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கய்யன் காதுல உளுந்துருச்சுங்க சாமி. ஊரு முச்சூடும் அதே பேச்சுதானுங்க" என்றார். குதிரையின் பெட்டியில் பலகைக்கு உள்பக்கம் வைக்கோல் அடைத்துத் துணி போர்த்தியிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு சின்னக் கூட்டம், கையில் பூவோடு.

அடுத்த சனிக்கிழமை மலிவு டிக்கெட் பக்கத்தில் நான் யாருக்காக அறிவித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை எருமை திரும்பி வந்துவிட்டது. தசரா முடிந்ததும் மைக்கைக் கழற்றிக் கடைக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமும் பந்தயம் நிற்கவில்லை, நாலு பேர் தொப்பியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு மணி அடித்தால் போதும், நான் தேவையில்லை.

பாத்திரம் பண்டத்தை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு அக்ரஹாரத்துக்குக் கிளம்பினோம். "பொய் சொல்ல வராதவாளுக்கு மைக் எதுக்கு, போனாப் போறது" என்றாள் மனைவி. வழியெல்லாம் அண்ணாவுக்குப் பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவர் 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பித்தால் நான் என்ன சொல்லவேண்டும், அதற்கு அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் சண்டையே நடந்து முடிந்திருந்தது. ஜட்கா நின்றது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அண்ணா ரேழியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மூட்டையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"குதிரெ போயிடுத்தாடா?" என்றார்.

"போயிடுத்து, அண்ணா" என்றேன்.

"இனிமே வராதா?"

"வராதுன்னுதான் நெனைக்கறேன்."

சுவர் மூலையில் அவருடைய கறுப்புக் குடை சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மன்னி இலை போட்டாச்சு என்று குரல் கொடுத்தாள். அண்ணா எழுந்து என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார்.

"'கூத்கொள்ளி'ன்னு ஒரு தடவெ சொன்னே, நான் நின்னுண்டுதான் இருந்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டாந்தடவெ சொன்னதும் புல்லுலெயே ஒக்காந்துட்டேன்டா."